எந்த மண்ணுக்கு எந்தக் கடைக்கால்?

வீடு கட்ட ஒப்பந்ததாரர் தரும் மதிப்பீட்டுத் தாளில் கடைக்காலுக்கென்று, அதாவது அஸ்திவாரத்துக்கென்று இருக்கும் வரி பெரும்பாலும் ஒன்றேதான்: ‘5 அடி ஆழக் குழி, 4-க்கு 4 ஃபுட்டிங், 12 எம்.எம். மேட், 9-க்கு 12 பில்லர்.’ (ஃபுட்டிங் என்பது பில்லருக்கு அடியில் மண்மேல் உட்காரும் அகலமான கான்கிரீட் பலகை. மேட் என்பது அதற்குள் போடும் கம்பி வலை. 4-க்கு 4 அடிக்கணக்கு, 9-க்கு 12 அங்குலக் கணக்கு.) சென்னை வேளச்சேரிக்கும் இதே வரி, கோவில்பட்டிக்கும் இதே வரி, சேலத்துக்கும் இதே வரி. வேளச்சேரியில் இருப்பது சதுப்பை ஒட்டிய ஈரக் களிமண். கோவில்பட்டியில் கோடையில் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசல். சேலத்தின் பல பகுதிகளில் மூன்றடி தோண்டுவதற்குள் கடப்பாரை எகிறிவிடும். மூன்றுக்கும் ஒரே குழி வெட்டினால் ஓரிடத்தில் பணம் வீண், இன்னோரிடத்தில் வீடே வீண்.

அஸ்திவாரம் உடைந்து வீடு பழுதாவது அபூர்வம். அதற்குக் கீழே இருக்கும் மண் ஒரு மூலையில் அதிகமாகவும் மறு மூலையில் குறைவாகவும் இறங்குகிறது. அல்லது மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்குகிறது. அதில்தான் சுவர் வெடிக்கிறது. வீடு முழுக்க ஒரே சீராக ஓர் அங்குலம் இறங்கினால் வெளியிலிருந்து வரும் குழாய் இணைப்புகளைத் தவிர வேறெதுவும் காட்டிக்கொடுக்காது. ஐ.எஸ். 1904 என்ற இந்தியத் தரக் குறிப்பு இதைக் கணக்காகவே சொல்கிறது. தனித்தனி ஃபுட்டிங்கில் நிற்கும் கான்கிரீட் சட்டகம் மணலில் மொத்தமாக 50 மி.மீ. வரையும், இளகிய களிமண்ணில் 75 மி.மீ. வரையும் இறங்கலாம். ஆனால் அடுத்தடுத்த இரண்டு பில்லர்களின் இறக்க வித்தியாசம், அவற்றின் இடைவெளியில் 0.0015 பங்கைத் தாண்டக் கூடாது. 3.5 மீட்டர் இடைவெளிக்கு அது 5 மி.மீ.யைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். எந்த வகை அஸ்திவாரம் என்ற முடிவு முழுவதும் இந்த 5 மி.மீ.யைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடு.

அதனால் மண்ணிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தண்ணீர் பட்டால் நீ என்ன செய்வாய் என்பது. எவ்வளவு பாரம் தாங்குவாய் என்பது இரண்டாவது. நடைமுறையில் இரண்டாவதை மட்டும் கேட்டுவிட்டு, அதையும் பாதி ஊகத்தில் விட்டுவிடுகிறார்கள்.

மண்ணைப் பார்ப்பது

முதல் வேலை ஒரு சோதனைக் குழி. வீடு வரப்போகும் இடத்தின் இரண்டு எதிரெதிர் மூலைகளில் ஒரு மீட்டர் சதுரமாக, 2 மீட்டர் ஆழத்துக்கு வெட்டினால் போதும். ஜேசிபி அரை மணி நேரத்தில் முடித்துவிடும். (ஆள் உள்ளே இறங்கும் முன் பக்கச் சுவர் சரிகிறதா என்று பார்க்க வேண்டும். மணலிலும் ஈரக் களிமண்ணிலும் இறங்கவே கூடாது.) குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக அடுக்குகள் தெரியும். பிளாஸ்டிக் பை, செங்கல் துண்டு, கருகிய குப்பை தெரிந்தால் அது கொட்டிய மண். வேர்களோடு கறுத்த மென்மையான அடுக்கு தெரிந்தால் அது பழைய வயலின் உழவு மண். இரண்டின் மேலும் ஃபுட்டிங் வைக்கக் கூடாது.

ஆழத்தை எங்கிருந்து அளப்பது என்பதில்தான் பெரிய ஏமாற்றம் நடக்கிறது. வயலை மனையாக்கியவர்கள் சாலை மட்டத்துக்கு 2, 3 அடி கிராவல் கொட்டி நிரவியிருப்பார்கள். அதன்மேல் நின்று 5 அடி தோண்டினால் இயற்கை மண்ணுக்குள் இறங்கியது இரண்டடிதான். தரக் குறிப்பு கேட்கும் குறைந்தபட்ச ஆழமான 50 செ.மீ. இயற்கைத் தரையிலிருந்து அளப்பது. கொட்டிய மண்ணைக் கணக்கில் சேர்க்காமல், அதற்குக் கீழே இன்னும் 3 அடியாவது போக வேண்டும் என்பது நல்ல மேஸ்திரிகளின் வழக்கம்.

குழியின் அடியிலிருந்து எடுத்த மண்ணை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் படிந்துவிடும், வண்டல் சில மணி நேரத்தில். களி மறுநாளும் தண்ணீரைக் கலக்கலாகவே வைத்திருக்கும். களி அதிகம் என்று தெரிந்தால் அடுத்தது உப்பும் சோதனை. காயவைத்துச் சலித்த மண் 10 கிராம் வீதம் இரண்டு அளவு ஜாடிகளில் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றி 24 மணி நேரம் விட வேண்டும். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. அங்கே 10 மி.லி.யில் நிற்கும் மண் தண்ணீரில் 15 மி.லி. வரை ஏறியிருந்தால் உப்புதல் 50 சதவீதம். 20-க்குள் இருந்தால் கவலையில்லை. 35-ஐத் தாண்டினால் சாதாரண ஃபுட்டிங் என்ற பேச்சே வேண்டாம்.

மாடி வீடு என்றால் துளைபோட்டுச் செய்யும் மண் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, முதல் 15 செ.மீ.யைக் கழித்துவிட்டு, அடுத்த 30 செ.மீ. குழாய் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். அறிக்கையில் ‘என்’ மதிப்பு என்று வருவது அந்த எண்ணிக்கைதான். களிமண்ணில் 4-க்குக் கீழே என்றால் குழைசேறு; 8-க்கு மேல் என்றால் நிமிர்ந்து உட்காரலாம். மணலில் 10-க்குக் கீழே தளர்வு, 30-க்கு மேல் கெட்டி. ஒரு கிரவுண்டுக்கு, அதாவது 2,400 சதுர அடி மனைக்கு, இரண்டு துளைகள் போதும். ஃபுட்டிங்கின் அழுத்தம் அதன் அகலத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆழம் வரை மண்ணில் உணரப்படும் என்பதால் 2 மீட்டர் ஃபுட்டிங்குக்கு அதன் அடியிலிருந்து 3, 4 மீட்டராவது துளை போக வேண்டும். பக்கத்து மனைக்காரரின் அறிக்கையை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்வது பரிசோதனை ஆகாது. இரண்டு மனைகளுக்கும் நடுவே ஒரு பழைய வாய்க்கால் ஓடியிருக்கலாம். மூடிய கிணறு இருக்கலாம்.

ஒரே பில்லர், மூன்று மண்

தரைத்தளமும் ஒரு மாடியும் உள்ள வீட்டின் நடுப் பில்லர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாலு பக்கமும் 3.5 மீட்டர் இடைவெளி. அப்படியானால் அதன் பங்குக்கு வரும் பரப்பு 12.25 சதுர மீட்டர். முதல் தளத்தின் தளம், அதன்மேல் நிற்கும் 9 அங்குலச் சுவர், புழங்கும் ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து சதுர மீட்டருக்குச் சுமார் 1.5 டன். மொட்டை மாடிக்குச் சுமார் 0.8 டன். இரண்டும் சேர்ந்து 28 டன். தரைத்தளச் சுவர், அதற்குக் கீழே பில்லர்களை இணைத்து ஓடும் பிளிந்த் பீம் வழியாக இன்னும் 10 டன்னைக் கொண்டுவரும். ஆக 38. ஃபுட்டிங்கின் சொந்த எடைக்குப் பத்து சதவீதம் கூட்டினால் 42 டன்.

சதுர மீட்டருக்கு 20 டன் தாங்கும் கெட்டிச் செம்மண்ணில் இதற்கு 2.1 சதுர மீட்டர் போதும், ஃபுட்டிங் 1.5 மீட்டர் சதுரம். 10 டன் தாங்கும் மண்ணில் 2.1 மீட்டர் சதுரம். 5 டன் மட்டுமே தாங்கும் ஈரக் களிமண்ணில் 2.9 மீட்டர் சதுரம். பில்லர்களுக்கு இடையே இருப்பதே 3.5 மீட்டர் என்னும்போது, பக்கத்துப் பக்கத்து ஃபுட்டிங்குகளுக்கு நடுவே இரண்டடிதான் மிஞ்சும். அந்த இரண்டடியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் தோண்டுவதில் பொருளில்லை. ஃபுட்டிங்குகளின் மொத்தப் பரப்பு வீட்டுப் பரப்பில் பாதியைத் தொட்டாலே எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பலகையாக, அதாவது ராஃப்டாகப் போட்டுவிடலாம் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. மதிப்பீட்டுத் தாளில் இருந்த 4-க்கு 4 அடி, அதாவது 1.2 மீட்டர் சதுரம், இந்த மூன்று மண்ணுக்குமே பற்றவில்லை என்பதையும் கவனியுங்கள்.

1.5 மீட்டர் ஃபுட்டிங்கை 40 செ.மீ. கனத்தில் போட்டால் 0.9 கன மீட்டர் கான்கிரீட் பிடிக்கும். எம்20 என்ற வலிமைத் தரமுள்ள கலவைக்கு ஏறக்குறைய 7 மூட்டை சிமென்ட். 12 எம்.எம். கம்பி 6 அங்குல இடைவெளியில் இரு திசையிலும் பத்துப் பத்து. மொத்தம் 25 கிலோ. கீழே சிமென்ட், மணல், ஜல்லி 1:4:8 என்று கலந்த, கம்பியில்லாத வெற்றுக் கான்கிரீட் 4 அங்குலம், ஃபுட்டிங்கைவிட ஒவ்வொரு பக்கமும் அரையடி நீட்டி. கம்பிக்கு அடியிலும் பக்கத்திலும் 50 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட். இதில் கனத்தைக் குறைப்பதுதான் ஆபத்து. கம்பியைக் கூட்டிக் கனத்தைக் குறைத்தால், பில்லர் ஃபுட்டிங்கைத் துளைத்துக்கொண்டு இறங்கப் பார்க்கும். அந்த வெட்டுவிசையைத் தாங்குவது கான்கிரீட்டின் கனம். ஓரத்துக்குச் சரித்து, கோபுரம்போலப் போடும் ஃபுட்டிங் சிமென்ட்டை மிச்சப்படுத்தும். ஆனால் சரிவில் கான்கிரீட் வழிந்து இறங்குவதால் கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் போடாமல் விட்டுவிடுவார்கள். சிறிய வீட்டுக்குத் தட்டையாகப் போடுவதே நிம்மதி.

ராஃப்டுக்கு வருவோம். அதே பில்லரின் 38 டன்னை 12.25 சதுர மீட்டருக்குப் பரப்பினால் 3.1 டன். ஓரடி கனமுள்ள பலகையின் சொந்த எடை 0.75 டன். மொத்தம் நாலுக்கும் குறைவு. 5 டன் மண் இதைத் தாங்கிவிடும். இங்கேதான் சென்னையில் ஒரு புதுத் தவறு பழகிவிட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தாழ்வான பகுதிகளில் பேஸ்மென்ட்டை, அதாவது தரைத்தளத்துக்கு அடியில் உள்ள மேடையை, 4, 5 அடி உயர்த்திக் கிராவல் நிரப்புகிறார்கள். வெள்ளத்துக்கு அது சரி. ஆனால் 1.2 மீட்டர் கிராவல் என்றால் சதுர மீட்டருக்கு 2 டன்னுக்கு மேல் புதுப் பாரம். ஒரு மாடி வீட்டின் எடையில் பாதிக்கு மேலான ஒன்றை, எந்தக் கணக்கிலும் சேர்க்காமல், குழைந்த களிமண்ணின் தலையில் ஏற்றுகிறோம். களிமண் தண்ணீரைக் கசியவிட்டு மெதுவாக இறுகுவதால் இதன் இறக்கம் வருடக்கணக்கில் நீளும். உயரம் வேண்டுமென்றால் பிளிந்த் பீம்களின்மேல் தரைத்தளத்துக்கும் ஒரு ஸ்லாப் போட்டு, கீழே வெற்றிடமாக விடுவது நல்லது. செலவு கூடும், ஆனால் நிரப்பு மண்ணின் செலவும் அதன் இறக்கமும் போய்விடும்.

ராஃப்டை ஒரே நாளில் போட்டு முடிக்க வேண்டும். 1,000 சதுர அடிக்கு ஓரடி கனம் என்றால் 28 கன மீட்டர். மிக்ஸர் வைத்துக் கலந்தால் பாதியில் இருட்டிவிடும். மறுநாள் தொடங்கும் இடத்தில் இணைப்பு பலவீனமாகும், அதன் வழியே ஈரம் ஏறும். ரெடிமிக்ஸ் லாரி உள்ளே வரமுடியாத சந்து என்றால் பம்ப் குழாய்க்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும்.

மண் பரிசோதனையின் ‘என்’ மதிப்பு இரண்டு, மூன்று என்று 6 மீட்டருக்கும் கீழே நீளும் இடங்களில் ராஃப்டும் போதாது. கெட்டி அடுக்கைத் தேடி பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாகப் போகும் கான்கிரீட் தூண், இறக்க வேண்டும். அங்கே மேஸ்திரியின் அனுபவத்தை நம்பி ஆழம் முடிவு செய்யக் கூடாது.

பில்லரே வேண்டாத இடங்கள்

‘பில்லர் போட்ட வீடு’ என்பது இப்போது ஒரு கௌரவம். தரைத்தளம் மட்டும் கட்டுவதென்றால், தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பக்கத்துக் கெட்டி மண்ணில் கருங்கல் கடைக்கால்மேல் சுவரே பாரம் தாங்கும் வீடு இன்றும் நியாயமான தேர்வு. கணக்கு எளிது. 9 அங்குலச் சுவர் 10 அடி உயரத்துக்கு ஒரு மீட்டர் நீளத்தில் 1.4 டன். கூரைத் தளத்தின் பங்கு இன்னொரு 1.4. கடைக்காலின் எடையும் சேர்ந்தால் 4 டன். 10 டன் தாங்கும் மண்ணுக்கே 40 செ.மீ. அகலம் போதும். கொத்தனார் உள்ளே நின்று கட்ட இடம் வேண்டுமே என்றுதான் இரண்டரை அடி அகலத்துக்கு வானம், அதாவது கடைக்கால் குழி, தோண்டுகிறோம்.

இதில் கெடுவது ஒரே இடத்தில். கல்லைக் குழிக்குள் கொட்டி, மேலே தண்ணீராகக் கரைத்த கலவையை ஊற்றி ‘நிரம்பிவிட்டது’ என்பார்கள். கலவை மேல் அரையடியைத் தாண்டாது. கீழே கல்லுக்குக் கல் வெற்றிடம். மழைநீர் அந்த வழியே புகுந்து மண்ணைக் கரைக்கும். ஒவ்வொரு வரிசையிலும் கல்லைக் கலவைமேல் உட்காரவைத்து, இடுக்கில் சில்லுக்கல் அடித்து, நாலைந்து அடிக்கு ஒருமுறை சுவரின் முழு அகலத்துக்கும் நீளும் ஒரு கல்லைக் குறுக்கே வைத்துக் கட்ட வேண்டும். பேஸ்மென்ட் மட்டத்தில் நாலு கம்பியோடு ஒரு கான்கிரீட் பெல்ட் எல்லாச் சுவர்மேலும் வெட்டுப்படாமல் ஓட வேண்டும். ‘அப்புறம் மாடி கட்டிக்கொள்ளலாம்’ என்ற எண்ணம் இருந்தால் மட்டும் இந்த வகையை விட்டுவிடுங்கள்.

பாறை கிடைத்தது என்பதும் முழு நல்ல செய்தி ஆகிவிடாது. மனையின் ஒரு பாதியில் பாறை, மறு பாதியில் மண் என்றால் பாறைப் பாதி இறங்கவே இறங்காது. சரிவில் ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் நிரப்பும் ஏற்காடு, நீலகிரி மனைகளிலும் இதே கதை. எல்லாக் குழியையும் பாறைவரை கொண்டுபோவதோ, வீட்டை இரண்டாகப் பிரித்து நடுவே இடைவெளி விட்டுக் கட்டுவதோதான் வழி.

கரிசல்

கோவில்பட்டி, விருதுநகர், தூத்துக்குடி வட்டாரங்களிலும் கோவையின் சில பகுதிகளிலும் உள்ள கரிசலில், ஃபுட்டிங்கைப் பற்றிப் பழகிய அறிவு தலைகீழாகிவிடுகிறது. மண் பலவீனம் என்றால் ஃபுட்டிங்கை அகலப்படுத்து என்பது வழக்கமான விதி. கரிசலின் உப்பும் அழுத்தம் சதுர மீட்டருக்கு 10 டன்னையும் தாண்டும். அதன்மேல் ஒரு மாடியில்லாத வீட்டின் ஃபுட்டிங் தருவதோ நாலைந்து டன். அகலப்படுத்தினால் அதுவும் குறையும். அதாவது, வீட்டைத் தூக்க மண்ணுக்கு நாமே உதவுகிறோம். கரிசலில் மாடி வீட்டைவிட ஒற்றைத்தள வீடும், அதைவிட மதில்சுவரும் முதலில் வெடிப்பதற்குக் காரணம் இதுதான்.

வெடிப்பைப் படித்தாலே மண் தெரியும். வீட்டுக்கு நடுவே உள்ள மண் வெயில் படாமல் ஈரமாகவே இருக்கும்; ஓரத்து மண் சித்திரை, வைகாசியில் சுருங்கி, ஐப்பசி மழைக்கு உப்பும். அதனால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு கோடையில் விரிந்து மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆண்டுதோறும் புட்டி வைத்து அடைக்கும் அந்த வெடிப்புக்குச் சுவரில் மருந்தில்லை.

கரிசல் ஐந்தாறு அடியில் முடிந்து, சுண்ணாம்பு கலந்து இறுகிய சுக்கான் அடுக்கு வந்துவிட்டால் அதைத் துளைத்துக்கொண்டு போய்ச் சுக்கான்மேல் ஃபுட்டிங் வைப்பதே மலிவு. அப்போதும் தோண்டிய கரிசலையே பில்லரைச் சுற்றித் திரும்பப் போடக் கூடாது. பிளிந்த் பீமும் கரிசலைத் தொடக் கூடாது. கரிசல் 3 மீட்டருக்கும் கீழே நீண்டால் அடியில் குமிழ் வைத்த பைல்தான் சரி. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆய்வு நிறுவனம் இத்தகைய மண்ணுக்கென்றே வளர்த்தெடுத்த முறை அது. ஐ.எஸ். 2911-இன் மூன்றாம் பகுதி இதற்கான விதிகளைத் தருகிறது.

ஆகர் என்ற, கையால் சுழற்றும் துளைக்கருவியைக் கொண்டு 30 செ.மீ. விட்டத்தில் 3.5 முதல் 4 மீட்டர் ஆழம் துளைத்து, விரியும் கத்தி உள்ள வாளியை இறக்கி அடியில் 75 செ.மீ. விட்டத்துக்குக் குடைவார்கள். துளையின் விட்டத்தைப்போல் இரண்டரை மடங்கு. மேல் மண் சுருங்கினாலும் உப்பினாலும் குமிழ் உட்கார்ந்திருக்கும் ஆழத்தில் ஈரம் மாறாது. மேல் மண் பைலைப் பிடித்துத் தூக்கப் பார்த்தால் குமிழ் நங்கூரமாக நிற்கும். நடுத்தரக் களிமண்ணில் இந்த அளவுள்ள ஒற்றைக் குமிழ் பைலுக்குத் தரக் குறிப்பின் அட்டவணை தரும் தாங்குதிறன் 16 டன். இரட்டைக் குமிழுக்கு 24 டன். மேலே கணக்கிட்ட 38 டன் பில்லருக்கு இரட்டைக் குமிழ் பைல் இரண்டு வேண்டும், 1.5 மீட்டர் இடைவெளியில். ஒற்றைத்தள வீட்டுக்குச் சுவர்களின் எல்லா மூலை, சந்திப்புகளிலும், இடையே 2 முதல் 2.5 மீட்டருக்கு ஒன்றுமாக வைத்தால் போதும்.

வேலை கெடும் இடங்கள் மூன்று. குடைந்த மண் முழுவதும் வெளியே வந்ததா என்று எண்ணாமல் கான்கிரீட் ஊற்றுவது. அப்போது குமிழின் அடியில் தளர்ந்த மண் கிடக்கும், பைல் அதை நசுக்கிக்கொண்டு இறங்கும். காலையில் குடைந்துவிட்டு மறுநாள் ஊற்றுவது; இரவில் குமிழின் கூரை சரிந்திருக்கும். மூன்றாவதுதான் எல்லாவற்றையும் வீணாக்குவது. பைல்களின் தலையை இணைக்கும் பீமுக்கு அடியில் 80 மி.மீ. வெற்றிடம் இருக்க வேண்டும். உப்பும் மண்ணுக்கு ஒதுங்க இடம் அது. ‘பீம் அந்தரத்தில் நிற்கிறதே’ என்று கொத்தனார் அதில் மணலைத் திணித்துவிடுவார். அல்லது தட்டுப் பலகைக்குப் பதிலாகச் செங்கல் அடுக்கி, அதை எடுக்காமலே விட்டுவிடுவார். பைலுக்குச் செலவழித்த பிறகும் மண் பீமைத் தூக்கும், சுவர் வெடிக்கும்.

தென் மாவட்டங்களில் இன்னொரு வழக்கம் உண்டு. கரிசலை ஐந்தடி எடுத்துவிட்டு மணலை நிரப்பி அதன்மேல் ஃபுட்டிங். மணல் உப்பாது என்பது உண்மை. ஆனால் தண்ணீர் வெளியேற முடியாத கரிசல் தொட்டிக்குள் மணலை நிரப்புகிறோம். மழைநீர் அதில் தேங்கி, சுற்றியும் அடியிலும் உள்ள கரிசலுக்கு மாதக்கணக்கில் தண்ணீர் பாய்ச்சும். ஓரளவு ஒட்டும் தன்மையுள்ள, ஆனால் உப்பாத செம்மண் கிராவலை அரையடி அரையடியாக நனைத்து இறுக்கி ஒரு மீட்டர் கனத்துக்குப் போடுவது இதைவிட மேல். ஆர்.கே. கட்டி என்ற மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் இத்தகைய மண்ணடுக்கை ஒரு முறையாகவே வகுத்துத் தந்தார்.

வீட்டைச் சுற்றி 4, 5 அடிக்கு வெளிச்சரிவாகச் சிமென்ட் தளம், கூரைத் தண்ணீரை அதற்கு அப்பால் கொண்டுபோகும் குழாய், சுவரிலிருந்து மரத்தின் உயரமளவு தள்ளி வைத்த வேம்பு. இவை கரிசலில் அஸ்திவாரத்தின் பகுதிகள். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயமான மழைநீர் சேகரிப்புக் குழியையும் சுவரோரம் வெட்டாமல் மனையின் கடைக்கோடிக்குத் தள்ளுங்கள்.

எல்லைக்கோட்டு பில்லர்

சின்ன மனைகளில் பில்லர் எல்லையை ஒட்டியே நிற்கிறது. பக்கத்து வீட்டு நிலத்துக்குள் ஃபுட்டிங் நீள முடியாது என்பதால், பில்லரை ஃபுட்டிங்கின் ஓரத்தில் வைத்துவிடுகிறார்கள். 1.5 மீட்டர் சதுர ஃபுட்டிங்கின் விளிம்பில் 9 அங்குலப் பில்லர் 20 டன்னை இறக்குகிறது என்று வைப்போம். சராசரி அழுத்தம் 9 டன்தான். ஆனால் பாரம் நடுவிலிருந்து 63 செ.மீ. விலகி நிற்கிறது. பில்லரும் பீமும் பிடித்து நிறுத்தாவிட்டால் ஃபுட்டிங்கின் உள்பக்கம் மண்ணைவிட்டு எழும்பி, வெளி விளிம்பில் சுமார் 35 செ.மீ. பட்டை மட்டும் மண்ணில் அழுந்தும். அங்கே அழுத்தம் சதுர மீட்டருக்கு 75 டன்னைத் தாண்டுகிறது. மதிலோரப் பில்லர் வெளியே சாய்வதும், முதல் தள பீம் அதோடு சேருமிடத்தில் வெடிப்பதும் இதனால்தான்.

இதற்குத் தீர்வு அந்தப் பில்லரையும் அதற்கு அடுத்த உள் பில்லரையும் ஒரே நீள ஃபுட்டிங்கில் நிறுத்துவது; இரண்டுக்கும் இடைவெளி அதிகமென்றால் இரண்டு ஃபுட்டிங்குகளையும் கனமான ஒரு பீமால் இணைப்பது. அந்த இணைப்பு பீம் வழக்கமான பிளிந்த் பீம் அல்ல. அதற்கு மேல்கம்பிதான் முக்கியம், அதை வரைபடத்தில் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இன்னும் மலிவான வழி, திட்டம் போடும்போதே பில்லரை இரண்டடி உள்ளே தள்ளி, சுவரை பீம் முனையில் நீட்டித் தாங்குவது.

ஈசானிய மூலையும் சம்ப்பும்

வாஸ்துப்படி ஈசானிய மூலையில் சம்ப் என்ற நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, வாயு மூலையில் செப்டிக் டேங்க். இரண்டும் வீட்டின் மூலைப் பில்லரை ஒட்டியே வந்துவிடும். 4 அடியில் ஃபுட்டிங் போட்டு முடித்து, வீடு எழும்பிய பிறகு அதற்கு இரண்டடி தள்ளி 8 அடிக்குச் சம்ப் தோண்டினால், ஃபுட்டிங்குக்குக் கீழே இருக்கும் மண்ணுக்குப் பக்கத்துணை போய்விடுகிறது. இரண்டு மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப்போல் இரு மடங்கு தூரம் விலக வேண்டும் என்பது விதி. இங்கே வித்தியாசம் 4 அடி, விலக வேண்டியது 8 அடி. அவ்வளவு இடம் இல்லையென்றால் சம்ப்பை முதலில் கட்டிவிட்டு, பக்கத்துப் ஃபுட்டிங்கையும் அதே மட்டத்துக்கு இறக்கிவிடுங்கள். மூலைக்கு எந்த மாற்றமும் தேவையில்லை, வேலையின் வரிசையை மாற்றினால் போதும்.

குழி வெட்டியபின்

ஜேசிபி சில குழிகளை அரையடி கூடுதலாக வெட்டிவிடும். அதை மண் போட்டு மட்டப்படுத்துவது எளிது, அதனால்தான் செய்கிறார்கள். அந்தப் பில்லர் மட்டும் இறங்கும். கூடுதல் ஆழத்தை வெற்றுக் கான்கிரீட்டால்தான் நிரப்ப வேண்டும். கடைசி அரையடியை இயந்திரத்துக்கு விடாமல் மண்வெட்டியால் எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை. இரவில் மழை பெய்து குழி நிறைந்தால் தண்ணீரை இறைத்தால் மட்டும் போதாது. அடியில் குழைந்த இரண்டு அங்குலத்தையும் வழித்தெடுக்க வேண்டும். கடலோர மணலில் ஊற்று மட்டத்துக்குக் கீழே மோட்டார் போட்டு வேகமாக இறைத்தால் குழியின் அடியே கொதிப்பதுபோல் மேலெழும்பி மண் தளர்ந்துவிடும். குழிக்கு வெளியே உறை இறக்கி, அதிலிருந்து இறைத்து, நீர்மட்டத்தையே தாழ்த்த வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலை, கடலூர், நாகை போன்ற உப்புக்காற்றுப் பகுதிகளில் எம்20 போதாது. எம்30, தண்ணீர் சிமென்ட் எடையில் 0.45 பங்குக்குள்.

கான்கிரீட் ஊற்றும் முன் டேப் பிடித்துப் பார்க்க வேண்டியவை: மேட் கம்பி கவர் பிளாக்மேல் நிற்கிறதா, அல்லது ஜல்லித் துண்டுமேலா, பில்லர் கம்பியின் அடிவளைவு மேட்டின்மேல் ஓரடியாவது படுக்கிறதா, பில்லரின் நடுவும் ஃபுட்டிங்கின் நடுவும் ஒன்றா. கடைசியைத்தான் யாரும் பார்ப்பதில்லை. குழி நாலு அங்குலம் தள்ளி வெட்டப்பட்டிருந்தால் பில்லரை மட்டும் நூலுக்கு இழுத்துவிடுவார்கள், ஃபுட்டிங் அங்கேயே கிடக்கும்.

பிறகு நிரப்பு மண். ஃபுட்டிங்கைச் சுற்றியும் பேஸ்மென்ட்டுக்குள்ளும் அரையடி கனத்துக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். லாரியில் வந்த நாலடி மண்ணை ஒரே நாளில் தள்ளி, மேலே தண்ணீர் கட்டிவிட்டால் மேல் அடுக்குதான் இறுகும். ஒரு வருடத்தில் டைல்ஸ் அடியில் வெற்றிடம் விழுந்து தட்டினால் ஓசை வரும். அஸ்திவாரம் இறங்கிவிட்டது என்று வீட்டுக்காரர் பதறுவார். பில்லரும் சுவரும் நேராக நின்று, தரை மட்டும் நடுவில் பள்ளமாகியிருந்தால் அது நிரப்பு மண்ணின் வேலை. தரையைப் பெயர்த்து, இறுக்கி, மறுபடி போட்டால் தீரும். கதவு நிலை சாய்ந்து தாழ்ப்பாள் பொருந்தாமல் போனால்தான் கீழே போய்ப் பார்க்க வேண்டும்.